நாலரை நிமிடத்தில் முப்பத்தொரு ‘ம்’

அன்பு மகனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்கள் இரண்டு பேரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், அதைக் கேட்க எனக்கு வாய் இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். ஃபோன் இருக்கும்போது இவள் எதற்குப் பேனாவைத் தூக்கினாள் என்று நினைப்பாய். ஏழு வாரமாக நீ ஃபோனில் பேசியதை எல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு தபால் அட்டை நிரம்பாது. வேலைம்மா, சரிம்மா, அப்புறம் பேசுறேன்மா, அவ்வளவுதான். புது மேனேஜர் எவனோ வந்து உயிரை வாங்குகிறான் போல என்று நானும் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ ஏன் பேசவில்லை என்பது எனக்குப் போன செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது. குழந்தை போய்விட்டது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. இதை நீ நம்ப வேண்டும். உன் பெண்டாட்டி எனக்குத்தான் முதலில் ஃபோன் செய்து சொன்னாள் என்பது உண்மை. நான் கேட்டேன் என்பதும் உண்மை. அவள் சொன்னது எனக்குப் புரியவே இல்லை என்பதும் உண்மை. அதை நம்பிவிட்டு மேலே படி. நம்ப முடியாவிட்டாலும் படி, பாதியில் மடித்து வைத்துவிடாதே.

நீதானே பரீட்சை எழுதி மார்க் எல்லாம் அனுப்பினே, இனிமே நடுவுல நீ வேண்டாம்டா, மாமியாரும் மருமகளும் நாங்களே பேசிக்கிறோம்னு நீதானே சொன்னே என்று கேட்பாய். சொன்னேன். என் வாய்க்கொழுப்பு, சொன்னேன். அவள் உண்டாகியிருக்கிறாள் என்று நீ சொன்ன மறுவாரமே அவள் நாட்டு மொழி வகுப்பில் சேர்ந்தேன் இல்லையா, கண்ணாடிக் கடைக்கு மேலே மாடியில், வாரம் மூன்று நாள். இரண்டு நர்ஸ் பெண்கள், ஒரு வெல்டர், ஒரு சமையல்காரர், நான். எல்லோரும் அங்கே வேலைக்குப் போகிறவர்கள், நான் ஒருத்திதான் பிரசவம் பார்க்கப் போகிறவள். எழுதுவது எனக்கு நன்றாக வந்தது. துணியில் கோடு போட்டுப் பழகிய கைக்கு அந்த எழுத்து ஒரு கஷ்டமே இல்லை. எழுத்துப் பரீட்சையில் முப்பதுக்கு இருபத்தேழு. அந்தத் தாளைத்தான் ஃபோட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன், நீயும் கைதட்டுகிற படமெல்லாம் போட்டாய். தாளின் கீழ்ப்பாதியை உள்ளே மடித்துவிட்டுத்தான் எடுத்தேன் என்பது உனக்குத் தெரியாது. கேட்டல் பரீட்சையில் இருபதுக்கு நாலு. அந்த நாலும் குருட்டாம்போக்கில் டிக் அடித்து வந்தது.

கேட்டல் எனக்கு ஏன் வரவில்லை என்று டீச்சர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். அந்தப் பாடங்களில் பேசுகிறவர்கள் ரயில் எத்தனை மணிக்கு, மழை வருமா, தபாலாபீஸ் எந்தப் பக்கம் என்று நிறுத்தி நிதானமாகப் பேசுவார்கள், ஒருவர் முடித்த பிறகுதான் மற்றவர் வாயைத் திறப்பார். எந்தக் குடும்பத்தில் அப்படிப் பேசுகிறார்கள் சொல். அதையே என்னால் பிடிக்க முடியவில்லை. ஒரு வார்த்தை தெரியாமல் போனால் அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன், அதற்குள் பேசுகிறவர் நாலு வாக்கியம் தாண்டிப் போய்விடுவார். ஆனால் முகம் மட்டும் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், வாய் பாட்டுக்கு ம், ம் என்று சொல்லிக்கொண்டிருக்கும். இது எனக்குத் தொழில் தந்த வியாதி. முப்பது வருஷமாக வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்து கீழ் மடிப்புக்கு அளவு எடுக்கிறவளுக்கு வேறு என்ன பேச வரும். கஸ்டமர் மாமியாரைத் திட்டினாலும் ம், மகனுக்கு வேலை கிடைத்தாலும் ம். எல்லோரும் டெய்லரக்கா பொறுமையா கேப்பாங்க என்று பேர் வைத்துவிட்டார்கள். நானும் எனக்குக் காது நல்ல காது என்றுதான் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வியாழக்கிழமையைச் சொல்கிறேன். சாயங்காலம் நாலு மணி, பள்ளிக்கூடம் திறக்கிற வாரம், கடை முழுக்க யூனிஃபார்ம் மலை. ஒரு பையன் ஸ்டூல் மேலே நிற்கிறான், அவன் அம்மா சீக்கிரம் சீக்கிரம் என்று தலைமேல் நிற்கிறாள், என் வாயில் ஆறு ஊசி. அவள் பேர் ஃபோனில் வந்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை, நீ கூட இல்லாமல் அவளாகக் கூப்பிடுவது அதுதானே முதல் தடவை. எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மிஷின் பக்கத்தில் வைத்தேன். அவள் மெதுவாக, ஒரே சீராக, செய்தி வாசிக்கிற மாதிரி பேசினாள். அழவில்லை கண்ணா. அழுதிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும், எந்த மொழியில் அழுதாலும் அழுகை தெரியும். நம் வீட்டில் ஒரு கஷ்டம் என்றால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும், அத்தை ஃபோனைக் கீழே போட்டுவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பாள். இத்தனை நிதானமாக ஒருத்தி பேசினால் டாக்டரிடம் போய்விட்டு வந்தாள், எல்லாம் நன்றாக இருக்கிறதென்று சொல்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. ம், ம் என்று கேட்டுக்கொண்டே கால்சட்டையை மடித்தேன். அவள் நிறுத்தியதும் ஊசியை எல்லாம் துப்பிவிட்டு, எனக்கு நன்றாகச் சொல்லத் தெரிந்த மூன்று வாக்கியத்தையும் அவள் மொழியில் சொன்னேன். ரொம்ப நல்லது, ரொம்ப சந்தோஷம், நல்லா சாப்பிடு. அதோடு கட் ஆகிவிட்டது. லைன் சரியில்லை என்று அந்தப் பையனின் அம்மாவிடம் சொன்னேன். மருமகள் வெளிநாட்டுக்காரி, என்னிடம் மனம்விட்டுப் பேசுவாள் என்றும் சொன்னேன்.

மூன்றாம் நாள் நீ எப்பம்மா வர்றே என்று எழுதியிருந்தாய். இவன் என்ன, இப்போதே கேட்கிறான், பிரசவத்துக்கு இன்னும் நாலு மாதம் கிடக்கிறதே என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். யூனிஃபார்ம் வேலை கழுத்தை நெரிக்குதுடா, கொஞ்ச நாள் போகட்டும், இப்ப என்ன அவசரம் என்று பதில் போட்டேன். நீ சரி என்று ஒரே வார்த்தை எழுதினாய். வயிற்றில் இருக்கிறதைப் பற்றி ஃபோனில் ரொம்பப் பேசக் கூடாது, கண் பட்டுவிடும் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தேன், அதனால் அதற்குப் பிறகும் வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே உனக்கு விஷயம் புரிந்திருக்கும். அம்மாவுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் கல் மாதிரி இருக்கிறாள் என்று நீ நினைத்ததில் தப்பே இல்லை. உன் கல்யாணச் சேதி கேட்டு மூன்று மாதம் உன்னிடம் பேசாமல் இருந்தவள்தானே நான். அந்தப் பெண் நம் வீட்டுக்கு ஒத்து வராது என்று சொன்ன வாயும் இதேதானே. அப்படிப்பட்டவள் இதையும் செய்வாள் என்று யாருக்கும் தோன்றும்.

இனி செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். டீச்சர் அதற்கு முந்தின வாரம் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தாள். பாடத்தில் வருகிற குரலையே கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டீர்கள், நிஜமான மனுஷர்கள் பேசுகிற பதிவு யாரிடமாவது இருந்தால் கொண்டு வாருங்கள் என்றாள். முதல் தடவை கேட்கும்போது வார்த்தையைப் பிடிக்காதீர்கள், குரல் எந்த மனநிலையில் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள், இரண்டாம் தடவை பேரும் எண்ணும் கிழமையும், மூன்றாம் தடவை அழுத்திச் சொல்கிற வார்த்தைகள், நடுவில் நிறுத்தவே கூடாது, கேட்டதை மட்டும் எழுதுங்க, நினைச்சதை எழுதாதீங்க என்றாள். பாங்கிலிருந்து பேசுகிறோம் என்று ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கிறேன் பேர்வழி என்று அப்பா என் ஃபோனில் எல்லாப் பேச்சும் தானாகப் பதிவாகிற மாதிரி செய்துவைத்திருக்கிறார், ஒரு திருடனும் இதுவரை மாட்டவில்லை. அதில் அவள் பேசியது இருந்தது. நாலரை நிமிடம். கடையில் மத்தியான நேரத்தில் காதில் மாட்டிக்கொண்டு பத்துத் தடவை கேட்டேன். டாக்டர் என்பது கேட்டது. வெள்ளிக்கிழமை கேட்டது. இதயம் கேட்டது. அம்மா கேட்டது. இல்லை என்பதும் இரண்டு இடத்தில் கேட்டது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்கிறாள், குழந்தையின் இதயம் நன்றாக அடிக்கிறது, வேறு பிரச்சினை ஒன்றும் இல்லை, அம்மா கவலைப்படாதீர்கள் என்று அழகாக எழுதிக்கொண்டு போனேன். கேட்டது நாலு வார்த்தை, மற்றதெல்லாம் என் ஆசை.

வகுப்பில் யாரும் கொண்டு வரவில்லை, நான் மட்டும்தான். டீச்சர் அதைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் போர்டில் எழுதத் திரும்பினாள். என் மருமகள் குரல் அந்த அறை முழுக்க வந்தது. நடுநடுவே என் ம், ம். எனக்கு ஒரே பூரிப்பு, நர்ஸ் பெண் என் பக்கம் திரும்பினால் சிரிக்கலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் திரும்பவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். போர்டில் டீச்சரின் கை பாதி எழுத்தில் நின்றுவிட்டது. பிறகு என் குரல் வந்தது, ரொம்ப நல்லது, ரொம்ப சந்தோஷம். உச்சரிப்பு சரியாக வந்திருக்கிறதே என்று நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். வெல்டர் எழுந்து போய் ஸ்பீக்கரை அணைத்தார். அக்கா, கொஞ்சம் வெளிய வாங்க என்று டீச்சர் என் கையைப் பிடித்து மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே கண்ணாடிக் கடைக்காரன் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறான், அதற்கு நடுவில் நின்றுகொண்டு, என் வயதில் பாதி இருக்கிற அந்தப் பெண், ஃபோனைக் காதில் வைத்துக் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு வரியாகச் சொன்னாள்.

“அம்மா, குழந்தையோட இதயம் நின்னுபோச்சு. நாளைக்கு வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில எடுக்கப்போறாங்க. பெண் குழந்தை. உங்க பிள்ளை ஆபீஸ்ல இருக்கார், அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. எனக்கு அம்மா இல்லை. அதான் முதல்ல உங்ககிட்ட சொல்றேன். நான் பேசறது புரியுதா அம்மா?” ம் என்று சொல்லியிருக்கிறேன். “உங்களால வர முடியுமா? நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், பேசக்கூட வேண்டாம், பக்கத்துல இருந்தா போதும்.” ம். “நிஜமா வருவீங்களா?” ம். அவள் இரண்டு தடவை கேட்டிருக்கிறாள், நான் இரண்டு தடவையும் ஒத்துக்கொண்டிருக்கிறேன். நாம் உம் கொட்டுவது, நான் இங்கேதான் இருக்கிறேன், நீ பேசு என்று சொல்வதற்கு. அங்கே ம் என்றால் புரிந்தது, சரி என்று அர்த்தமாம். புரியாவிட்டால் நிறுத்திக் கேட்க வேண்டுமாம், கேட்பதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லையாம். அப்படிக் கேட்கிற வாக்கியம் மூன்றாவது பாடத்திலேயே இருக்கிறது. பரீட்சையில் அதற்கு எனக்கு முழு மார்க்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. அப்பாவிடம் சொன்னேன். அவர் டிவியை அணைத்துவிட்டு அவளுக்கு உடனே ஃபோன் போடு என்றார். போட்டேன். அவள் எடுத்தாள். ஹலோ என்றாள். மன்னிப்புக் கேட்கிற வாக்கியம் எனக்கு இரண்டு தெரியும், ஒன்று யார் காலையாவது மிதித்துவிட்டால் சொல்வது, இன்னொன்று வகுப்புக்கு லேட்டாக வந்தால் சொல்வது. இரண்டையும் அவளிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவள் மறுபடி ஹலோ என்றாள், அம்மா என்றாள். எனக்குத் தொண்டையிலிருந்து வந்தது என்ன தெரியுமா, ம். அந்தப் பாழாய்ப்போன ம். அவள் வைத்துவிட்டாள். உன்னைக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. மெசேஜ் எழுதலாம் என்று ஐந்தாறு தடவை எழுதி எழுதி அழித்தேன். பெற்ற பிள்ளையிடம் இதைச் சொல்வதற்கு அந்தச் சின்னக் கட்டத்தில் இடமில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பதிவை இதுவரை எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியவில்லை. என் ம் மட்டும் எண்ணினேன், முப்பத்தொன்று. அப்பா அதை அழித்துவிடு, பைத்தியம் பிடித்துவிடும் என்கிறார். எப்படி அழிப்பது, அந்தப் பெண் பேசுவதை நான் இப்போதுதானே கேட்க ஆரம்பித்திருக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலாம், மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், ஆனால் இரண்டு நாளாகச் சாப்பாட்டைத் தட்டிலேயே பிசைந்துகொண்டிருக்கிறார். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் ஊரைக் கூட்டி ஒப்பாரி வைப்பாள், அது இப்போது யாருக்கும் உதவாது. கடையை மூன்று நாளாகத் திறக்கவில்லை. எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை கண்ணா. கிழிந்தால் தைக்கலாம், இறுக்கமாக இருந்தால் பிரித்துவிடலாம், இத்தனை வருஷம் அப்படித்தான் பிழைத்தேன். இதில் எனக்குக் கை ஓடவில்லை.

உனக்கு ஒன்று சொல்கிறேன், புத்தி சொல்ல எனக்கு அருகதை இல்லை, ஆனாலும் அம்மா என்பதால் சொல்கிறேன். அவளைத் தனியாக விட்டுவிட்டு வேலை வேலை என்று ஓடாதே. உனக்கும் அழுகை வரும், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறவன் நீ, சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். அவள் எதிரில் அழு. அவள் நிதானமாகப் பேசினால் நன்றாகிவிட்டாள் என்று நினைத்துவிடாதே, நான் ஏமாந்த மாதிரி நீயும் ஏமாறாதே. அவள் பேசும்போது ஃபோனைக் கவிழ்த்து வை. புரியாவிட்டால் புரியவில்லை என்று கேள். வேளைக்குச் சாப்பிடுங்கள், இரண்டு பேரும்.

இந்தக் கடிதத்தை அவளுக்கு அவள் மொழியில் படித்துச் சொல்ல வேண்டும். நடுவில் நீ வேண்டாம் என்று சொன்னவள்தான் இப்போது நீ நடுவில் நில் என்று கெஞ்சுகிறேன். தாளை மடித்து ஃபோட்டோ எடுத்ததையும் சொல், ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பெருமை அடித்ததையும் சொல், ஒன்றையும் எனக்காகக் குறைத்துச் சொல்லாதே. அவள் கேட்டதற்குப் பதில் இது. நான் வருகிறேன். பாஸ்போர்ட்டுக்கு அப்பா நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டார், விசாவுக்கு எத்தனை நாள் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவள் கேட்டது மறுநாளைக்கு. நான் எப்போது வந்து சேர்வேனோ, வந்தாலும் அந்த வெள்ளிக்கிழமைக்குப் போய்ச் சேர முடியாது, அது எனக்குத் தெரியும். வர வேண்டாம் என்று அவள் சொன்னால் வரவில்லை. வேண்டாம் என்று அவள் வாயாலேயே சொல்லட்டும், அவள் மொழியிலேயே சொல்லட்டும், எத்தனை தடவை ஆனாலும் கேட்டுப் புரிந்துகொள்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்தப் பேச்சில் ஒரு வார்த்தை மூன்று தடவை வருகிறது. பெண் குழந்தை என்று சொன்ன உடனே ஒரு தடவை, பிறகு இரண்டு தடவை. டீச்சர் நாலைந்து முறை கேட்டுவிட்டு, இது அந்த மொழி வார்த்தை இல்லை அக்கா, எனக்குத் தெரியல, பேரா இருக்கும் என்றாள். நர்ஸ் பெண்ணும் கேட்டுவிட்டு அதைத்தான் சொன்னாள். மற்ற இடமெல்லாம் சீராகப் பேசுகிறவள் அந்த இடத்தில் மட்டும் குரலை உள்ளே இழுத்துக்கொள்கிறாள். ஸ்பீக்கரில் கேட்டேன், காதில் மாட்டிக் கேட்டேன், கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன், முதல் எழுத்துக்கூடப் பிடிபடவில்லை. அது பெயர்தான் என்றால் அதை நம் எழுத்தில் பெரிதாக எழுதி அனுப்பு. எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவளையும் ஒரு தடவை சொல்லச் சொல்லி அனுப்பு, அவளுக்கு மனம் வந்தால் மட்டும். நான் நடுவில் ஒரு சத்தமும் போட மாட்டேன்.

நீங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஆறுதலாக நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். கடிதம் கிடைத்ததும் கிடைத்தது என்று ஒரு வரியாவது எழுது. கோபம் இருந்தால் கோபமாகவே எழுது. எதை மறந்தாலும் அந்தப் பெயரை எழுத மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
அவளுக்குப் பாட்டி.